எந்தப் பக்கம் பொங்கியது?

நாலைந்து வருடம் இருக்கும். ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரை ஒட்டி ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று, இருக்கிறது. அதன் அடிவாரத்தில்தான் எங்கள் குலதெய்வக் கோயில். பெரிய கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லில் கட்டிய நாலு சுவர், மேலே தகரம், முன்னால் ஒரு வேம்பு, அவ்வளவுதான். என் மகளுக்குத் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்தால் பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்து சேர்ந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் அன்று போனோம்.

கரட்டின் மறுபக்கம் கல் குவாரி ஓடுகிறது. மத்தியானம் தாண்டி வெடி போடுவார்கள். முதலில் சங்கு ஊதும், பிறகு பூமி ஒரு குலுக்குக் குலுக்கும், எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். இது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் வெட்டி வெட்டி அவர்கள் கோயில் பக்கமாக வந்துவிட்டதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலேயே பொங்கலை முடித்துவிடத்தான் நினைத்தோம். பரவையிலிருந்து வரவேண்டிய என் நாத்தனாருக்குப் பஸ் கிடைக்கவில்லை. அவள் வந்து சேரவே உச்சி வெயில் ஆகிவிட்டது. முதல் நாள் தூறலில் விறகும் நனைந்திருந்தது. அடுப்பு புகைந்ததே தவிர, பிடிக்கவே இல்லை.

ஒருவழியாகப் பானை சூடேறும்போது, கையில் சிவப்புக் கொடியோடு ஒருவர் ஓடி வந்தார். பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட வயதில் இளையவர். வெடி போடும் நேரத்தில் ஆளும் மாடும் அந்தப் பக்கம் வராமல் தடுப்பதுதான் அவருக்கு வேலை.

"அக்கா, குழியில மருந்து வச்சாச்சு. எல்லாரும் கம்மாக் கரைக்கு அங்கிட்டு போயிருங்க. சீக்கிரம்."

என் நாத்தனார் வாய்த்துடுக்குக்காரி. "ஏப்பா, சாமிக்கே கொடி காட்ட வந்துட்டியாக்கும்?" என்றாள்.

"சாமிக்கு இல்லக்கா, ஒங்களுக்குத்தேன். சாமி மேல கல்லு விழுந்தா கல்லுதேன் ஒடையும். நம்ம மண்டை அப்படியா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. சாமிக்கு ஏற்றிய உலையை, பொங்கும் முன்னால் விட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பானை எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கே வழிந்தால் குடும்பத்துக்கு நல்லது. பொங்கும்போது பெண்கள் நின்று குலவை போட வேண்டும். பச்சைப்பிள்ளைக்காக வைத்த பொங்கல் வேறு. "பேரனுக்கு நேந்த பொங்கல். இந்தா, இப்பப் பொங்கிரும் தம்பி" என்று நானே சொன்னேன்.

அவர் போனில், "ஆளு இருக்கு, பொறுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து திட்டு விழுவது எங்களுக்கே கேட்டது. அவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்க காலுல விழுகுறேன்க்கா, எந்திரிங்க. பானை எங்கயும் போயிராது."

அதற்குப் பிறகுதான் எழுந்தோம். கோயிலுக்கு எதிரே இருந்த கண்மாய்க் கரை ஏறி அந்தப்பக்கம் இறங்கினோம். அவர் கரைமேல் நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "ஆளு இல்ல" என்று போனில் சொன்னார். சங்கு ஊதியது. அந்த நேரம் பார்த்துக் கரைமேல் தலையை நீட்டிப் பார்த்த என் நாத்தனார், "மதினி, நுரை கட்டுது! குலவை போட ஆளில்லையே!" என்று கத்திக்கொண்டே கோயிலைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவளைப் பிடித்து இழுக்க ஓடினேனா, பானையைப் பார்க்க ஓடினேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"போடாதீக, போடாதீக" என்று போனில் கத்திக்கொண்டே அவர் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்தார். அதற்குள் வெடித்துவிட்டது. கரட்டுக்கு மேலே புகையோடு கல் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தேன். பார்க்கும்போது பறவைக் கூட்டம் போலத்தான் இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் கோயில் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டார். தகரத்தில் சடசடவென்று விழுந்தது. தேங்காய் அளவு கல் ஒன்று அவர் முழங்காலில் அடித்தது. எங்களைத் தள்ளிவிட்டவருக்குச் சுவர் ஓரம் வந்து சேர நேரம் இல்லாமல் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் வண்டி பிடித்து வந்தார். உசிலம்பட்டியில் கட்டுப் போட்டுவிட்டு மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வழியெல்லாம் அந்தத் தம்பியின் தலையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். முந்தானையெல்லாம் ரத்தம். நாத்தனார் எதிரே உட்கார்ந்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதாள். செக்கானூரணி தாண்டும்போது கண்ணைத் திறந்தவர், அவளைப் பார்த்து, "அழுகாதீகக்கா. பானை எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் பானையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிழக்கதான் தம்பி" என்றேன்.

"அப்ப சரி. பேரப்பிள்ள நல்லாருப்பான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் சாமி காப்பாற்றியது. ஆனால் அடிபட்ட கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. வைத்தியச் செலவைக் குவாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆளை உறுதியாகப் பார்க்காமல் சைகை கொடுத்துவிட்டான் என்று பழியை மட்டும் அவர் தலையில் போட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் போய், தப்பு எங்கள்மேல்தான் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். கரடு ஏறி இறங்கிய மனுஷன் இப்போது வீட்டு வாசலில் மிட்டாய், பீடிக்கட்டு வைத்து வியாபாரம் பார்க்கிறார். தோட்ட வேலைக்குப் போவது அவர் மனைவிதான்.

இப்போதெல்லாம் குவாரியில் கேட்டு, வெடி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் பொங்கல் வைக்கிறோம். வைத்ததும் முதலில் ஒரு தூக்குவாளியில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். நீட்டிய காலை மெதுவாக நகர்த்தி எனக்கு உட்கார இடம் விடுவார். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே, "எந்தப் பக்கமக்கா?" என்று கேட்பார். நானும் "கிழக்கதான் தம்பி" என்பேன். என் பேரன் அவர் கடை வாசலில் ஓடி விளையாடுவான், அவர் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்குச் சாமி நல்ல வாக்கு சொல்லும் என்று நாங்கள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையெடுத்துக் கும்பிட்டு எங்களை எழுந்திருக்கச் சொன்னவர் வாயிலிருந்து வந்ததும் அந்தச் சாமியின் வாக்குதான் என்று, தூக்குவாளியோடு அவர் வாசலில் நிற்கும்போதெல்லாம் தோன்றுகிறது.