பாலம் தூக்கியவரோடு சைக்கிளில்

கல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் தண்ணீர் கறுப்பு. அதன் கரையோரச் சாலையில்தான் நானும் என் கணவரும் மூன்று மாதம் சைக்கிள் ஓட்டிப் பழகினோம். எனக்கு ஐம்பத்தெட்டு, அவருக்கு அறுபத்திரண்டு. காலை நடை போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மீன் பையோடு வரும் எதிர்வீட்டு வங்காளி அண்ணன் மட்டும் தினமும் என்னை அண்ணி முறை வைத்துக் கேட்டார், “பௌதி, ஒலிம்பிக்ஸ் எப்போது?” பதில் சொன்னால் ஹேண்டில் ஆடும் என்பதால் முறைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பாரிஸில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போட்ட திட்டம் அது. பர்கண்டிப் பக்கம் ஒரு பழைய கால்வாய். ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைப் பாதை, இப்போது சைக்கிளுக்கு. காரும் லாரியும் உள்ளே வராது. ஐந்து நாள், தினம் முப்பது கிலோமீட்டர். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, எனவே நாங்கள் இருவர் மட்டும்.

நான் ஒத்துக்கொண்டது பிரான்சைப் பார்க்க அல்ல. ஓய்வு பெற்ற இரண்டு வருடத்தில் என் கணவர் பேசுவதை அநேகமாக நிறுத்தியிருந்தார். கேட்டால் “ம்”, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு பயமாக இருந்தது. எங்கேயாவது கொண்டுபோய் இந்த மனிதரைத் திரும்பப் பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

அவர் கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் லாக் கேட்டில் வேலை பார்த்தவர். ஆற்றின் நீர்மட்டம் ஏறும் இறங்கும். துறைக்குள்ளே அப்படியே நிற்கும். நடுவில் இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி. கப்பலை அதற்குள் விட்டு, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபக்கம் அனுப்ப வேண்டும். கப்பல் போக வழிவிட்டுச் சாலைப் பாலத்தைத் தூக்குவதும் அவர் பிரிவின் வேலை. இவ்வளவும் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தை நிர்ணயித்தது கடிகாரம் அல்ல என்பதுதான். காலண்டருக்குப் பக்கத்தில் ஜோயார், பாட்டா நேரங்கள் அச்சிட்ட தாள் தொங்கும். கடல் ஏற்றத்தால் ஆற்றுத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று பார்த்துத்தான் குக்கர் வைப்பேன். ஒரு நாள் பதினொரு மணிக்குச் சாம்பார், மறுநாள் மூன்றரைக்கு. அலுத்துக்கொண்டே வைப்பேன்.

அந்தப் பாலத்தின்மேலும் எனக்குத் தனி வன்மம் உண்டு. குவார்ட்டர்ஸ் இந்தப் பக்கம், நான் வேலை பார்த்த வங்கிக் கிளை அந்தப் பக்கம். வாரத்துக்கு இரண்டு நாளாவது பாலத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். பஸ்ஸுக்குள் வெந்துகொண்டே, “எந்தப் புண்ணியவான் இன்னிக்குத் தூக்கினானோ” என்று திட்டுவேன். வீட்டுக்கு வந்து புண்ணியவானிடமே நேரில் திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்துக்கொள்வார்.

பிரான்சில் முதல் நாள், ஊரை விட்டு இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் முதல் லாக் வந்தது. கிடர்பூரோடு ஒப்பிட்டால் கொல்லைப்புறத் தொட்டி. ஓட்டு வீடு ஒன்று, கைப்பிடி வைத்த மரக்கதவுகள், ரோஜாச் செடிகள். என் கணவர் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். ஒரு படகு உள்ளே வந்து, தண்ணீர் ஏறி, வெளியே போகும்வரை நின்று பார்த்தார். பிறகு ஏறினார். அடுத்த லாக்கிலும் அப்படியே. அந்தக் கால்வாயில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு லாக் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே அப்போதுதான் தெரிந்தது.

ஆளில்லாத பாதையில் இவர் மணியடித்துக்கொண்டே வந்ததையும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் ஓட்டிப் பழகிய கை. வாத்துக்கு அடித்தார், மரத்துக்கு அடித்தார், வளைவு வந்தால் இரண்டு தடவை அடித்தார். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பயந்துபோய்ப் புல்லில் இறங்கிவிட்டார். பேசத்தான் வாயில்லை, மணியடிக்கக் கட்டைவிரல் இருந்தது.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி வரை ஒன்பது கிலோமீட்டர்தான் ஓட்டியிருந்தோம். சாயங்காலத்துக்குள் இருபத்தொன்று பாக்கி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏங்க, இதைத்தானே முப்பத்து நாலு வருஷம் பாத்தீங்க? இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?”

“ம்.”

“அந்த ‘ம்’மை எடுத்து அந்தத் தண்ணியில போடுங்க.”

சொல்லிவிட்டு நான் முன்னால் போய்விட்டேன். இருபுறமும் மரங்கள், நடுவே பச்சைத் தண்ணீர், என் சக்கரச் சத்தம் தவிர எதுவும் இல்லை. அழகான இடம்தான். கோபத்தில் இருக்கிறவளுக்கு அழகு என்ன செய்யும்? அரை கிலோமீட்டர் போனதும் மணிச் சத்தம் கேட்காததால் இன்னும் கோபம் வந்தது, அப்புறம் கவலை வந்தது. திரும்பினேன்.

லாக்கை நெருங்கும்போதே அவர் குரல் கேட்டது. “ஹரியா! ஹரியா!”

கயிற்றைத் தளர்த்து என்று அர்த்தம். கிடர்பூரில் கப்பல் கயிறு பிடிக்கும் கலாசிகளின் சொல். பர்கண்டியில் அது யாருக்குப் புரியும்? லாக்குக்குள் விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் வாடகைப் படகில் இருந்தது. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பின்பக்கக் கயிற்றைக் கரையிலிருந்த கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு எல்லோரும் முன்பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க, படகின் பின்பக்கம் மட்டும் கயிற்றில் தொங்கத் தொடங்கியிருந்தது. கதவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மறுகோடியில் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் அவிழ்க்க ஓடவில்லை. நானாக இருந்தால் அந்த முடிச்சில்தான் பாய்ந்திருப்பேன், விரலும் போயிருக்கும். அவர் கரையோரமாக அந்தப் பெண்ணை நோக்கி நடந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறியாக வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். உடனே கைப்பிடியை மறுபக்கம் சுற்றித் தண்ணீர் வடிவதை நிறுத்தினாள். அவர் மேல்பக்கக் கதவின் மடையைக் காட்டி, விரலும் விரலும் ஒட்டாத அளவுக்கு ‘கொஞ்சம்’ என்று காட்டினார். அவள் போய்க் கொஞ்சமாகத் திறந்தாள். தண்ணீர் ஏறியது, கயிறு தொய்ந்தது, படகு சமமாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்த்தார். அந்த ‘ஹரியா’வுக்குப் பிறகு கத்தல் இல்லை, அவசரம் இல்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரின் வேலையை அன்றுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு லாக்கை மூடிவிட்டு அந்தப் பெண் சாப்பாட்டுக்குப் போகும்போது எங்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள். புல்லில் உட்கார்ந்தோம். அப்போது அவர் பேச ஆரம்பித்தார். கதவுக்குப் பின்னால் தண்ணீர் எப்படித் தள்ளும், இரண்டு பக்கமும் சமமானதும் கதவு எப்படி லேசாகிவிடும், மழைக்காலத்தில் ஆற்றில் பான் என்கிற அலைச்சுவர் ஏறி வரும்போது கப்பலை எப்படிப் பிடித்து வைப்பார்கள். நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அன்று ஊர் போய்ச் சேர இருட்டத் தொடங்கிவிட்டது. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. மீதி மூன்று நாளும் எல்லா லாக்கிலும் நானே முதலில் சைக்கிளைச் சாய்த்தேன்.

கல்கத்தா திரும்பி ஒரு மாதம் கழித்து, அவருடைய பழைய சகாக்களுக்குப் போட்டோ காட்டக் கிடர்பூர் போனோம். பஸ் நின்றது. பாலம் மேலே. பஸ்ஸில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பழக்க தோஷம், நானும் ஆரம்பித்தேன்.

“எந்தப் புண்ணியவான் இன்னிக்குத்...”

பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் ஜன்னல் வழியாகப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கேருந்து பஸ் வரிசை நல்லாத் தெரியும்,” என்றார். “ஒம்பதே கால்னா நீ அந்த வரிசையிலதான் இருப்பே. எந்த பஸ்ஸுன்னு தேடுவேன்.”

“கண்டுபிடிப்பீங்களா?”

“பாதி நாள். ஜன்னல்ல பச்சைக் குடை நீட்டிக்கிட்டு இருக்கும்.”

அந்தக் குடையை நான் மறந்தே போயிருந்தேன். வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க ஜன்னலில் வைத்துக்கொள்வது.

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“கோவமா வருவே. சாப்பாடு போடுற நேரத்துல எதுக்கு?”

கப்பலின் வால் பாலத்தைத் தாண்டியது. பாலம் இறங்க ஆரம்பித்தது. பின்சீட்டுக்காரர் டிரைவரை அவசரப்படுத்தினார். நான் கைப்பையைத் திறந்து குடையை எடுத்தேன். இப்போது இருப்பது கறுப்புக் குடை. இருந்தாலும் விரித்து, அந்தச் சின்ன அறைக்குத் தெரியும்படி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.