ரேடியோவின் மகள்

தெருவுக்கே அவர் 'ரேடியோ'. சலூன் வைத்திருப்பவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஊர் வம்பு முழுவதையும் தானே சொல்லி, தானே சிரித்து, கிருதாவையும் சரிசெய்து அனுப்பிவிடுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம். அப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகள் நாலு வயதில் திக்க ஆரம்பித்தாள். கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க அவள் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும்போது இவர் பொறுக்க மாட்டாமல் மிச்சத்தைத் தானே சொல்லிவிடுவார்.

பேச்சுப் பயிற்சி தரும் மேடம் முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்க முடிச்சு வைக்காதீங்க. மெதுவாப் பேசுங்க. வீட்ல அமைதியா விளையாடுறப்போ, திக்காம ஒண்ணு வந்தா, 'நல்லா வந்துச்சு'ன்னு லேசாச் சொல்லுங்க. எப்பவாவது. லேசா."

ரேடியோவுக்கு லேசு என்பது எங்கே தெரியும்? அம்மாக்காரி தையல் ஆலையிலிருந்து வர இருட்டிவிடும். பாலர் பள்ளி விட்டதும் பிள்ளை சலூன் பெஞ்சில்தான் இருப்பாள், பல் போன சீப்புகளை வைத்து விளையாடிக்கொண்டு. ஒருநாள், "அப்பா, தண்ணி வேணும்" என்று பிசிறில்லாமல் வந்துவிட்டது. இவர் கத்தரியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார். "கேட்டீங்களாய்யா என் தங்கத்தை!" முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தவரும் தட்டினார். அதுவே கடை வழக்கமாகிப் போயிற்று. முடிவெட்ட வந்தவர், காத்திருப்பவர், எல்லோரும் தட்டுவார்கள். அவள் திக்கினால் மட்டும், பாவம், நல்ல மனசுக்காரர்கள், கண்ணாடியைப் பார்த்துக்கொள்வார்கள்.

கொஞ்ச நாளில் திக்கல் போயே போய்விட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிதான் இழுத்தாள்.

"திக்கலைங்க, சரி. பேச்சே குறைஞ்சு போச்சே. தண்ணி, போதும், ஆமா, இதை விட்டா வேற என்ன பேசுறா?"

"நல்லது நடந்தா உன் கண்ணுக்குப் பொறுக்காதே!" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ரேடியோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை பின்னால் வந்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இருடா கண்ணு, மாமாவுக்கு முடிச்சிட்டு வந்துடறேன்" என்றுவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

பெஞ்சிலிருந்த ஒருவர் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார். தரையில் கிடந்த வெட்டிய முடியெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. பிள்ளையின் கவுனும் நனைந்திருந்தது.

ரேடியோ மண்டி போட்டு உட்கார்ந்தார். "ஏன்டா தங்கம், ஒண்ணுக்கு வருதுன்னு அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

அவள் அழவில்லை. யோசித்து, ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னாள்: "சரியா வரலப்பா. சரியா வராததைச் சொல்லக் கூடாதில்ல?"

பழக்க தோஷத்தில் யாரோ கைதட்டத் தொடங்கினார். "நிறுத்துய்யா!" என்று ரேடியோ போட்ட கூச்சலில் பிள்ளை நடுங்கிப் போனாள்.

மேடமிடம் ஓடினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "திக்குற பிள்ளைக்கு வழி இருக்குங்க. பேசவே பயப்படுற பிள்ளையை எங்கேர்ந்து தொடங்குறதுன்னு எனக்கே தெரியல. பாப்போம்." அந்தப் 'பாப்போம்' எந்த மாதிரி என்று ரேடியோவுக்குப் புரிந்தது. வாயால் பிழைத்தவருக்கு அல்லவா தெரியும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, பிடித்தது அவர் கைதான்.

கடையில் இப்போது கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் கெஞ்சுகிறார். "திக்குடா கண்ணு. எவ்வளவு நேரம் ஆனாலும் அப்பா இருக்கேன். எப்படி வருதோ அப்படிச் சொல்லு."

அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, வேண்டியதை விரலால் காட்டுகிறாள்.