வைகை மணலும் அத்தானின் கால்குலஸும்

கணக்கு வாத்தியார்களை நான் லேசில் நம்புவதில்லை. ஏன் என்கிறீர்களா? என் அக்காவைக் கட்டியவர் ஒரு கணக்கு வாத்தியார்!

அவருக்குப் பள்ளிக்கூடம் வைகைக்குத் தென்கரையில். வீடு வடகரையில், நேரெதிரே இல்லாமல் தள்ளி, செல்லூரில். கோடையில் யார் பாலத்தைச் சுற்றுகிறார்கள்? ஊரே மணலில் இறங்கிக் குறுக்கே நடக்கும்.

போன வாரம் அக்கா ஆள் விட்டாள். போனால், அவள் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது.

"தம்பி, உங்க அத்தான் நேரா ஆத்துல எறங்க மாட்டேங்கிறாரு. கரை ரோட்டோட வளைச்சு நடந்து, நாடகக் கொட்டகைகிட்டதான் எறங்குறாராம். வீட்டுக்கு வர்றப்ப விளக்கு வைக்கிற நேரமாயிருது. எனக்குப் பயமா இருக்குடா."

நாடகக் கொட்டகை! பேசும்படம் வந்த பிறகும் மதுரைக்கு அந்தப் பைத்தியம் தெளியவில்லையே... எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அத்தான் வந்ததும் கேட்டேவிட்டேன். மனிதர் அசரவில்லை.

"மாப்ள, இது பழைய புதிர். ஆத்துல கொஞ்சம் தள்ளி ஒருத்தன் தத்தளிக்கிறான். கரையில நிக்கிறவன் உடனே குதிச்சு நேரா நீந்தலாமா? கூடாது. தரையில வேகம், தண்ணியில மந்தம். கொஞ்ச தூரம் கரையில ஓடிட்டுத்தான் குதிக்கணும். நம்ம வைகையில தண்ணிக்குப் பதிலா மணல், அம்புட்டுதான்!"

"எம்புட்டு தூரம் ஓடணும் அத்தான்?"

"அதுக்குத்தான் கால்குலஸ். முன்னாடி எறங்குனாலும் நேரம் கூடும், தள்ளி எறங்குனாலும் கூடும். நடுவுல ஒரே ஒரு எடம், அங்கதான் நேரம் ஆகக் கொறைவு."

சரி. அந்த ஒரே இடம் நாடகக் கொட்டகை வாசலிலேயேதான் வந்து விழ வேண்டுமா? கணக்கு பொய் சொல்லாது என்பார்கள் — கணக்குச் சொல்கிற ஆள்?

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் ஒன்றாகக் கிளம்பினோம். அவர் கரை வழியாக, நான் நேராக மணலில். கணுக்கால் புதைய, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வீடு போய்ச் சேர்ந்தால்... அத்தான் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்!

எனக்கு ஒரே வெட்கம். "அக்கா, கணக்கு சரிதான். அத்தான் வர்ற வழிதான் சீக்கிரம்" என்று ஒப்புக்கொண்டேன்.

அக்கா அவரையே பார்த்தாள்.

"சீக்கிரம்னு நானும்தான் கண்ணால பாத்துட்டேன். அப்ப தெனமும் விளக்கு வைக்கிற மட்டும் எங்கங்க இருந்தீக?"

அத்தானுக்குப் புரையேறியது. அதற்குக் கால்குலஸில் விடை இல்லை போலிருக்கிறது.

இந்த நாலைந்து நாளாக அவர் நேர்வழியில், மணலில் தடுமாறிக்கொண்டுதான் வருகிறாராம். கணக்குப்படி அது மெதுவான வழி.

ஆனால் பொழுதிருக்கவே வீட்டுக்கு வந்துவிடுகிறார்!