கோகிலா பதியாத பெயர்கள்

திங்கட்கிழமை காலை நாமக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எங்கள் அலுவலகக் கவுண்டரில் இருக்கும் செல்வியின் அழைப்பு வந்தது. "கோகிலாக்கா போயிட்டாங்க" என்றார். வெள்ளிக்கிழமை மாலை, "திங்கக்கெழம வாரேனுங்க" என்று பரமத்தி வேலூர் பேருந்துக்கு ஓடியவர். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், எங்கள் லாரி புக்கிங் நிறுவனத்தின் சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது. எந்த லாரி, என்ன லோடு, எந்த ஊர் என்ற எல்லா விவரமும் அதில்தான். அதற்கான புரோகிராம்களை எழுதுபவன் நான். ஒன்பது வருடம் எதிரெதிர் மேசை.

சில வருடங்களுக்கு முன், தினமும் காலை பத்து மணியிலிருந்து சர்வர் நகரவே மறுத்தது. லோடு சீட்டுக்காக டிரைவர்கள் கவுண்டர் முன் காத்துக் கிடந்தார்கள். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்தவர் செல்வி. "அந்தப் புள்ளைக்கு வேலை வரல, நிறுத்திரலாம்" என்றார் மேனேஜர்.

"ரெண்டு நாள் குடுங்க சார், சர்வர்லயே பாத்துச் சொல்றேன்" என்றார் கோகிலா.

ஒவ்வொரு கணினியும் சர்வரிடம் என்ன கேட்கிறது, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பதியும் லாகை இயக்கினார். அத்தனையையும் பதியச் சொல்லிவிட்டதால் மதியத்துக்குள் டிஸ்க் நிரம்பி, புக்கிங்கே நின்றுபோனது. காரணம் வேறு யாருக்கும் தெரியாது. கோகிலா கவுண்டருக்கு வெளியே போய் டிரைவர்களிடம், "தப்பு என்னுதுங்க, செத்த நேரத்துல சரி பண்ணிர்றேன்" என்றார். மறுநாள், இரண்டு நொடிக்கு மேல் இழுக்கும் கேள்விகளை மட்டும் பதியவைத்தார்.

அன்று மாலை என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தாளைக் காட்டினார். பட்டியலின் உச்சியில் செல்வி இல்லை. மேனேஜரின் திரைக்காக நான் எழுதிய ரிப்போர்ட் இருந்தது. அவர் காலை பத்து மணிக்கு வந்து அதைத் திறந்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லா வருடத்து டிரிப்புகளையும் அது துழாவிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கே மாத்திர்றேன். யார்கிட்டயும் சொல்ல வேண்டாங்க" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"கமுக்கமா மாத்துனீங்கன்னா, செல்வி போனதுலதான் சரியாச்சுன்னு ஆயிருமுங்க ரவி. நான் சொன்னா அது குத்தம். நீங்களே போய்ச் சொன்னா திருத்தம்."

மறுநாள் போய்ச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். செல்வியின் வேலை தப்பியது. இன்று அந்தக் கவுண்டருக்கே பொறுப்பாளர் அவர்.

அதோடு முடியவில்லை. மேனேஜருக்கு அந்த லாக் பதிவின் ருசி தெரிந்துவிட்டது. யார் எத்தனை முறை கணினியைத் தொடுகிறார்கள் என்று பெயரோடு பட்டியல் கேட்டார்.

"இது சர்வருக்கு வைத்தியம் பாக்க எடுத்ததுங்க சார். ஆளுங்களக் கண்காணிக்கணும்னா அவங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. இதுல இருந்து நான் தர மாட்டேன்" என்றார் கோகிலா. குரல் உயரவில்லை. மேனேஜர் ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோகிலா தினமும் வணக்கம் வைத்துவிட்டே இருக்கைக்கு வந்தார். அதன்பின் எங்கள் லாகில் கேள்வி இருக்கும், நேரம் இருக்கும், கேட்டவர் பெயர் இருக்காது.

அவர் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். லாக் பகுதிக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: 'பெயர்களைப் பதிய வேண்டாம். யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பவும். – கோகிலா.'

இனி யாரை அவரிடம் அனுப்புவது? அழிக்கவும் மனம் வரவில்லை. அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிச் சேமித்தேன். கோகிலாவிடமிருந்து நானாக எடுத்துக்கொண்டது அந்த ஒரு வேலையைத்தான்: பெயர் கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்று சொல்வது.