மிளகின் கடைவாய்ப் பல்

எங்கள் கினிப் பன்றி மிளகின் தாடைக்குக் கீழே ரோமம் நனைந்திருந்தது. தண்ணீர் குடித்திருக்கும் என்று நினைத்தேன். கொத்தமல்லித் தண்டை நீட்டினேன். ஓடி வந்து கவ்வியது, மென்று பார்த்தது, கீழே போட்டுவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி என்றால், இதை மூடி வைத்துவிட்டு முதலில் ஆட்டோ பிடியுங்கள். நாங்கள் பிடிக்கவில்லை.

என் கணவர் ரகுவுக்குக் கும்பகோணம். அவர் வீட்டில் யாருக்கு முடியாவிட்டாலும் குழைந்த தயிர்சாதம்தான். "அதுக்கு வாய் வலிக்கறதுடி. காஞ்ச புல்லை எப்படிக் கடிக்கும்?" என்று கூண்டிலிருந்த புல்லை எடுத்துவிட்டார். சாதத்தை மசித்து விரல் நுனியில் ஊட்டினார். நக்கித் தின்றது. எங்களுக்கு ஒரே பெருமை. சில நாட்களில் அதையும் நிறுத்திவிட்டது.

டெல்லியில் நாங்கள் இருக்கும் மோதி பாக்கிலிருந்து மருத்துவமனை போய்ச் சேரும்வரை "பையா, ஜல்தி", அண்ணா சீக்கிரம் என்று ஆட்டோக்காரரைப் படுத்தி எடுத்தேன்.

டாக்டரம்மா விளக்குக் குழாயை அதன் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் (உணவை அரைக்கும் பின்பற்கள்) இரண்டு பக்கமும் வளர்ந்து நாக்கின்மேல் பாலம் போட்டிருந்தன. இந்தப் பிராணிக்கு ஆயுள் முழுக்கப் பல் வளருமாம். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும்.

"கானே மே க்யா தேதே ஹைன்?" சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"தஹி சாவல், மேடம்," என்று தயிர்சாதத்தைச் சொன்னார் ரகு.

"அச்சா," என்றார் டாக்டரம்மா.

மயக்க மருந்து கொடுத்துப் பல்லை அராவ வேண்டும்; விழிக்காமலே போகலாம்; விழித்தாலும் தானாகத் தின்னாவிட்டால் குடல் அசைவு நின்றுவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனார்கள். தாழ்வாரத்தில் என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ரகுமேல் கோபம் கோபமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை.

விழித்தது. தின்னவில்லை. புல்தூளைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் புகட்டினோம். அலுவலகத்திலிருந்து மணிக்கொரு தரம் ரகுவுக்குப் போன் செய்வேன். "தின்னுதா?" "இல்லடி."

ஒரு மாலை ரகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் கறுக், கறுக். சாதம் பிசைந்த கை அப்படியே நின்றது.

"புல்லுடி," என்றார். அழுதுவிட்டார். நானும்தான்.

குணமாகிவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பல் இப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கேள்வி காதில் விழுந்ததுமே என் நாக்கு என் கடைவாயைத் தடவிப் பார்க்கப் போய்விடுகிறது. ஒரு காதைக் கூண்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, "இன்று தின்றது" என்கிறேன்.