யாழ் பொறித்த காசு

வெற்றிலையின் ஈரமும் சந்தன மணமுமாகக் குளிர்ந்த காசு ஒன்று உள்ளங்கையில் விழுந்தால்தான் எங்கள் வீட்டில் சித்திரை வருடம் பிறக்கும். நல்ல நேரம் பார்த்து அப்பா தரும் அந்தக் காசுக்குக் "கைவியளம்" என்று பெயர். கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி வீடு, கீழே சந்தில் இன்னும் உருகாத கறுத்த பனி, ஆனாலும் அதில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை.

எனக்கு எட்டு வயதான வருடம் அவர் தந்தது கனடாக் காசு அல்ல. தெப்பனர் எனும் மூலைக்கடையில் பால் வாங்கியபோது மீதிச் சில்லறையோடு வந்தது; அளவில் இருபத்தைந்து சதக் குவாட்டர் போலவே இருந்ததால் கடைக்காரரும் கவனிக்கவில்லை. ஒரு பக்கம் யாழ், மறுபக்கம் காளை, சுற்றியிருந்த எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. யாழ்ப்பாணத்து அரசர்கள் காசில் நந்தி பொறித்தவர்கள். ஊரின் பெயரிலேயே யாழ் இருக்கிறது. போரில் ஊரை விட்டு வெறுங்கையோடு வந்த மனிதருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? "எங்கடை ஆக்கள் எங்கையோ காசடிக்கத் துவங்கியிட்டினம்," என்றார்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரசற்றை காசிலை நந்தி படுத்தெல்லோ இருக்கும்? இது நிக்குது."

"இப்ப எழும்பியிட்டுது," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. காலையில் என்னிடம் காசை இரவல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புவாண்ட்-கிளேர் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போவார், வந்ததும் திருப்பித் தருவார்.

பள்ளிக்கூடத்தில் அவரவர் நாட்டுப் பொருளைக் கொண்டுவரச் சொன்ன நாளில் மட்டும் நான் அதைக் கொடுக்கவில்லை. எங்கள் நாட்டுக் காசு என்று வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். மதாம் என்று நாங்கள் அழைக்கும் வகுப்பு ஆசிரியை தாய்வழியில் ஐரிஷ்காரி. பிள்ளைகள் முன்னால் எதுவும் சொல்லாமல் கைதட்டிவிட்டு, எல்லோரும் போனபின்தான் என்னை அருகில் இருத்தி, அது அயர்லாந்தின் காசு என்றார். ஆங்கிலேய அரசன் ஒருவன்தான் முதன்முதலில் அந்த யாழைக் காசில் போட்டானாம், அதன் தலையில் தன் மணிமுடியையும் வைத்து. நாடு விடுதலையான பிறகு முடியை எடுத்துவிட்டு யாழை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அன்றைய அந்தக் கைதட்டலுக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்பாவின் முகம் வாடிவிடுமே என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். "இப்ப சொல்லாதை, பேந்து பாப்பம்," என்றார் அம்மா. ஆனால் அப்பா வந்தவுடன் காசைத்தான் கேட்டார். மதாம் சொன்ன அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முடியை எடுத்தாப் பிறகும் யாழை விடேல்லையோ அவை?"

"விடேல்லை அப்பா."

"நல்ல சனம்," என்றார்.

அந்தக் காசு இன்று அயர்லாந்திலேயே செல்லாது. யூரோ வந்துவிட்டது, அதிலும் யாழ் இருக்கிறது. அப்பா இல்லை, அவர் அன்று எதிர்பார்த்த காசும் கடைசிவரை வரவில்லை. அயர்லாந்துக்கு நான் போனதில்லை, போவேனோ தெரியாது. என் அப்பாவைக் கொஞ்சக் காலமாவது நாடுள்ள மனிதராக நடமாடவிட்ட அந்த நாட்டுக்கு நான் நன்றியுள்ளவள்.