மனிதக் கோபுரத்தின் அடியில் என் மச்சான்

மனிதர் தோள்மேல் மனிதர் ஏறி ஒன்பது, பத்து அடுக்குக்குக் கோபுரம் கட்டுவது ஸ்பெயின் நாட்டுக் கற்றலோனியர்களின் வழக்கம். அதைப் பற்றிய அருங்காட்சியகத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். ஸ்பெயினுக்குப் பறந்துவிட்டோம் என்று வயிறெரிய வேண்டாம். ரொறன்ரோ ஏரிக்கரையில், பழைய களஞ்சியம் ஒன்றில், இந்தக் கோடை முடியும்வரை திறந்து வைத்திருக்கிறார்கள். மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீற்றர்.

டிக்கெற் எடுத்தவள் மகள் மதுரா. "அப்பா, யூ கைஸ் நீட் எ பிரேக்" என்றாள். அதில் பிழையில்லை. அவளுடைய கலியாணத்துக்கு ஒன்றரை மாதம், ஆறே கிழமைதான் இருந்தது, வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்து கிடந்தது. காரணம் நான்தான். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினேன். என் மனைவி வசந்தியின் ஒரே அண்ணன், மார்க்கம் நகரில் இருக்கும் குகன் மச்சானுக்கும் அப்படியே அனுப்பினேன். வீட்டுக்குப் போய், தட்டம் வைத்து, வாயால் சொல்லவேண்டிய மனிதருக்கு, ரோசாப்பூ கொட்டுகிற வீடியோ. அதுவும் பலசரக்குக் கடை மலிவு விலைகள் வருகிற குரூப்பில்.

மச்சான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். குடிபூரலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவுமில்லை. கலியாணத்துக்குச் சொல்ல நான் போகவேண்டும்தான். ஆனால் கதவைத் திறக்காமல் விட்டால் அந்த மானக்கேட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? வசந்தி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "அண்ணை வராத மணவறைக்கு நானும் வரமாட்டன். நீங்களும் உங்கட ஃபோனுமா நிண்டு தாரை வார்த்துக் குடுங்கோ."

பதினொன்றுக்குப் புறப்படுவதாகச் சொல்லி 11:50க்குப் புறப்பட்டோம். ஐம்பத்தைந்து நிமிட ஓட்டம். பார்க்கிங் இருபத்துநான்கு டொலர் என்றார்கள். அந்தக் காசுக்கு ஒரு பெட்டி மாம்பழம் வாங்கலாம்.

உள்ளே பார்க்க நிறைய இருக்கிறது. ஒவ்வொரு குழுவின் நிறச் சட்டைகள், கோபுரங்களின் பெரிய படங்கள், ஒரு சின்னத் திரையறை. உச்சியில் ஏறும் பிள்ளை ஒரு கையைத் தூக்கினால் கோபுரம் முடிந்தது என்று கணக்கு. ஆனால் சரியாமல் இறங்கினால்தான் முழுப் பெருமை. அடியில் நிற்கும் கூட்டத்துக்கு மேலே நடப்பது தெரியாது. நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி ஒரு குழல் வாசிக்கிறார்கள், அதைக் கேட்டுத்தான் கோபுரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறிவார்களாம்.

இரண்டு மணிக்குச் செயல்முறைப் பயிற்சி. அந்த அறைக்குள் போனால், நடுவில் குகன் மச்சான் நிற்கிறார்! நான் வசந்தியைப் பார்த்தேன். வசந்தி மதுராவைப் பார்த்தாள். மதுரா கூரையைப் பார்த்தாள். அடிப்பாவி, மாமனுக்கும் ஒரு டிக்கெற் எடுத்திருக்கிறாள்.

பயிற்சி தருகிற பெண்மணி எங்களை உயரம், பருமன் பார்த்துப் பிரித்தார். தொந்தி வைத்த ஆண்கள் இரண்டே பேர், நானும் மச்சானும். எங்களைச் சோடி சேர்த்துவிட்டார். முதலில் இடுப்புக்குக் கறுப்புத் துணி சுற்றவேண்டும். முதுகுக்குப் பலம், ஏறுகிறவருக்குக் கால் வைக்கப் படி. ஆறு மீற்றர் துணி. ஒரு நுனியை மச்சான் இழுத்துப் பிடிக்க, மறுநுனியை இடுப்பில் வைத்து நான் சுழன்று சுழன்று அவரை நோக்கிப் போகவேண்டும். மனுசன் மூன்று வருடக் கோபத்தையும் சேர்த்து இழுத்தார். காலையில் சாப்பிட்ட இடியப்பம் தொண்டைவரை வந்தது. கடைசிச் சுற்றில் மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்தில் நின்றோம். அவர் என் காதுக்கு மேலால் சுவரைப் பார்த்தார்.

பிறகு கோபுரம். என் தோளில் மதுரா. எனக்குப் பின்னால், நெஞ்சு என் முதுகில் ஒட்ட, என்னைத் தாங்கி மச்சான். சுற்றிவர இருபது பேர் நெருக்கிக்கொண்டு. சட்டை வழுக்காமல் இருக்கக் கொலரைப் பல்லால் கடி, தலையைக் குனி, மேலே பார்க்காதே என்பது கட்டளை. மகள் ஏறி நின்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்க மணப்பெண்ணை விழுத்திக் காலை முறித்த தகப்பன் என்று எங்கள் ஊர் ஸ்காபரோ முழுக்கப் பேர் எடுக்கப்போகிறேன் என்று பயந்தேன்.

"மூச்சை விடும்," என்றது பிடரியில் ஒரு குரல். "நான் பிடிச்சிருக்கிறன். பிள்ளை விழாது."

மூன்று வருடத்தில் அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தைகள். இதை விட்டால் வேறு நேரம் வராது என்று கொலரைத் துப்பினேன். "மச்சான், மதுராவின்ர கலியாணத்துக்கு நீர் வரவேணும்."

மச்சான் என் முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, "உதென்ன, ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லுறது? சொல்லுறதெண்டால் வீட்டை வந்து சொல்லும்."

"எப்ப வாறது?"

"இண்டைக்கு. நாலரைக்கு முன்னம். பிறகு ராகு காலம்."

மதுரா மேலே கையைத் தூக்கினாள் போலும், எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பத்திரமாக இறங்கி நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மச்சான் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

போகிறவர்களுக்கான விபரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு நிதானம் இருக்காது. டிக்கெற் பதினெட்டு டொலர், பயிற்சியும் அதற்குள் அடக்கம். மல்வேர்னிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் பிடித்தால் 3 டொலர் 30 சதம், ஒன்றே முக்கால் மணித்தியாலம். வயிறு முட்டச் சாப்பிடாமல் போங்கள். சேலை வேண்டாம்; வசந்தியை ஓரமாக இருத்திவிட்டார்கள். மனத்தாங்கலான சொந்தக்காரர் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், அந்த நெருக்கத்தில் முகத்தைத் திருப்ப இடமில்லை.

நாங்கள் வெளியே வரும்போது 3:20. மற்ற வீடுகளுக்குச் சொல்வதற்காக வைத்திருந்த தட்டம், குங்குமம், அழைப்பிதழ் எல்லாம் நல்லகாலம் கார் டிக்கியில் இருந்தன. மார்க்கத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. வசந்தி நிமிடத்துக்கு ஒருதரம் நேரத்தை வாசித்தாள். மதுரா பின்னாலிருந்து "லேன் மாறுங்கோ அப்பா, லேன் மாறுங்கோ" என்று கத்தினாள். அவர் வாசலில் காரை நிறுத்தியபோது 4:24.

மணியை அடித்தேன். பட்டு வேட்டியும் திருநீறுமாக மச்சான் கதவைத் திறந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு முன் என் முதுகைக் கட்டிப்பிடித்து நின்ற மனுசன், எங்களைக் கண்டு பல வருடமானவர் போல, "அட, ஆரிது! வாங்கோ, வாங்கோ" என்றார்.

தட்டத்தை நீட்டினேன். "பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்." இந்த முறை 'நீர்' வாயில் வரவில்லை.

இரண்டு கையாலும் வாங்கினார். அழைப்பிதழை எழுத்து எழுத்தாக வாசித்து முடித்தார்.

"நீங்கள் கலியாணக் காட் அடிச்சுப்போட்டியள் எண்டு கேள்விப்பட்ட நாளிலயிருந்து," என்றார், "ஒவ்வொரு ஞாயிறும் நாலரை வரைக்கும் நான் வீட்டை விட்டு அசையேல்லை. சொல்ல வாறவை ராகு காலத்துக்கு முன்னம்தானே வருவினம். இண்டைக்குத்தான் பிள்ளை கேட்டாளெண்டு வெளிக்கிட்டனான். உங்களை அங்க காணும்வரைக்கும் மனசு முழுக்க இஞ்சைதான். நீர் வந்து பூட்டின கதவைக் கண்டு திரும்பிப்போட்டால் எண்டு."

நான் அழுதேவிட்டேன், அதை மறைக்கவும் முயலவில்லை.